கொழுப்பு அடங்கிய கதை

எங்கள் வீட்டில் எதிர்த்துப் பேசினால் கொழுப்பு என்பார்கள். அந்தப் பேச்சை அதிகம் வாங்கியவள் நான்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் அத்தை, "எம்புட்டுக் கொழுப்பு பாரு இவளுக்கு" என்று சொல்லாமல் ஊர் திரும்பியதே இல்லை.

எண்பதுகளின் கடைசியில், ராஜபாளையம் மில்லில் ஷிப்டு பார்த்துக்கொண்டிருந்த அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாற்பதுகூட ஆகவில்லை. மதுரைக்குக் கொண்டுபோய்ப் பிழைக்கவைத்தார்கள். பிள்ளைகளையும் பார்த்துவிடலாம் என்று டாக்டர் சொல்ல, அண்ணனுக்கும் எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். அண்ணன் நல்ல குண்டு; நான் ஈர்க்குச்சி. ஆனால் டாக்டர் என்னைத்தான் காட்டினார்.

"அவருக்கும் கொழுப்புதான். இந்தப் பிள்ளைக்கும் ரொம்ப ஜாஸ்தி. இப்பவே குறைக்கணும்."

எனக்கு மானமே போய்விட்டது. ஊசி குத்தினால் தெரிகிற அளவுக்கா வாயாடியிருக்கிறேன்! அப்பாவைச் சாய்த்தது என்னையும் சாய்க்குமே என்று பயந்து நல்ல பிள்ளையானேன். அண்ணன் தலையில் குட்டினாலும் "சரிண்ணே" என்றேன். அம்மா ஆடை எடுத்த பால் தந்தாள். என் முட்டையின் மஞ்சள் கரு அண்ணன் தட்டுக்குப் போனது. தோசைக்கு நெய் நின்றது. எல்லாம் தண்டனை என்று நினைத்து வாய் திறக்காமல் சாப்பிட்டேன். அத்தை பால்கோவாவைப் பிரித்து, "ஏட்டி, ஒரு வாய் தின்னு. மெலிஞ்ச பிள்ளைக்கு ஒண்ணும் செய்யாது" என்று நீட்டினாள். "வேண்டாம் அத்தை" என்று கைகட்டி நின்றேன். அவள் பயந்துபோய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

சில மாதம் கழித்து மறுபடி மதுரை. எனக்குக் கொஞ்சம் இறங்கியிருப்பதாக டாக்டர் சொன்னார். திரும்பும் பஸ்ஸில் அப்பாவிடம் ரகசியத்தை உடைத்தேன்.

"நான் யாரையும் எதுத்துப் பேசுறதே இல்லப்பா, அதான் கொறஞ்சிருக்கு. நீங்களும் மில்லுல வாயக் குடுக்காதீய. ஒங்களுக்கும் கொறஞ்சிரும்."

அப்பா முதலில் சிரித்தார். பிறகு என்னை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"அது வாய்க்கொழுப்பு இல்லட்டி, ரத்தத்துல உள்ளது. நீ ஒரு தப்பும் பண்ணல தாயி. என்கிட்ட இருந்துதான் ஒனக்கு வந்திருக்கு."

என் நிறம் அம்மாவுடையது, மூக்கு சித்தியுடையது என்றே எல்லாரும் சொல்வார்கள். அப்பாவிடமிருந்து எனக்கும் ஒன்று வந்திருக்கிறதே! சந்தோஷம் தாங்கவில்லை.

"அண்ணனுக்குத் தராம எனக்கு மட்டுமாப்பா தந்தீய?" என்று கேட்டேன்.

அப்பா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்படி என்னத்தைப் பார்க்கிறார் என்று நானும் எட்டிப் பார்த்தேன். வெறும் தென்னந்தோப்புதான் போய்க்கொண்டிருந்தது.