அது அப்பா கட்டிய வாறுகால் அல்ல

அப்பாவின் படத்துக்குக் கீழே என்ன போடுவது என்று அச்சகத்தில் கேட்டார்கள். ‘கொத்தனார்’ என்று போடச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் கௌரவமாக ஏதாவது போடலாமே என்றார்கள். அதைவிடக் கௌரவமாக எனக்கு ஒன்றும் தெரியாது. அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் தெருச் சங்கத்துப் பெரியவர்களுக்கும் மகளின் வணக்கம். பெரியவர்கள் மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் வாசிக்க வேண்டும்.

அப்பா நரிக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தார்கள். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு, திருச்சுழியில் மண் சுமந்து, பிறகு கரண்டி பிடித்தார்கள். திருமணத்துக்குப் பின் பாளையம்பட்டிப் பக்கம் எங்கள் தெருவுக்குக் குடி வந்தார்கள். கோபமே வராதவர் என்றெல்லாம் இந்த மாதிரி மலர்களில் எழுதுவது வழக்கம். அப்பாவுக்குக் கோபம் வரும். வந்தால் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போவார்கள். ஆனால் வாட்டம் பார்ப்பதில் ஒரு நாளும் பிசகியதில்லை. தண்ணீர் ஓடுவதற்காகத் தரைக்குக் கொடுக்கிற சரிவைத்தான் கொத்தனார்கள் வாட்டம் என்பார்கள்.

அறுபதுகளின் நடுவில் சங்கத்தார் தெருவில் மழைத் தண்ணீர் போக வாறுகால் கட்டத் தீர்மானித்து அப்பாவைக் கூப்பிட்டார்கள். எங்கள் தெரு தெற்கே சரிகிறது. தெற்கேதான் கண்மாய். இதைக் கண்டுபிடிக்கக் கொத்தனார்கூட வேண்டாம், ஒரு எலுமிச்சம்பழத்தை உருட்டிவிட்டால் போதும். ஆனால் தண்ணீர் ஈசான மூலையைப் பார்த்துப் போனால் வியாபாரம் பெருகும் என்று சங்கத் தலைவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். வீட்டுக்குள் பார்க்கிற சாஸ்திரத்தைத் தெருவுக்கே பார்த்த மேதாவிகள்! அந்த வடகிழக்கு முனையில், எங்கள் வீட்டுக்கு அடுத்து, இருந்தது தலைவரின் மிளகாய் வத்தல் கடை.

அப்பா வாதாடவில்லை. மண்ணெண்ணெய் டின்களை வெட்டிப் பற்றவைத்து, கை நீளத்தில் இரண்டு வாறுகால்கள் செய்தார்கள். ஒன்று ஒடுக்கம், ஒன்று அகலம். இரண்டையும் சங்கத்தார் முன்னால் தெருவின் சரிவிலேயே கிடத்தி, உமியைத் தூவி, ஒவ்வொன்றிலும் ஒரு செம்புத் தண்ணீரை ஒரே கொட்டாகக் கொட்டினார்கள். ஒடுக்கமானது அந்த நிமிஷமே பொங்கி வழிந்தது. அகலமானது அத்தனையையும் வாங்கிக்கொண்டு, உமியோடு மெல்லத் தெற்கே விட்டது.

“நம்ம ஊரு மழை வருசத்துல நாலு நாள்தான் வரும், வந்தா மொத்தமா வரும். வாறுகால் தண்ணிய ஓட்டுனா மட்டும் பத்தாதுண்ணாச்சி, கொஞ்ச நேரம் வாங்கி வச்சுக்கிடவும் செய்யணும்” என்று தலைவரிடம் சொன்னார்கள் அப்பா.

தலைவர் சிரித்தார். தலைவர் சிரித்ததால் செயலாளரும் சிரித்தார். கொத்தனார் தண்ணி விட்டு விளையாடுகிறார் என்று சொல்லிவிட்டு, தலைவர் அந்த டின்னுக்குள்ளேயே வெற்றிலை எச்சிலைத் துப்பினார். அந்தச் சிவப்பும் தெற்கேதான் போனது. அப்பா அதை விரலால் காட்டினார்கள்.

“தண்ணிக்கு ஈசானம் தெரியாதுண்ணாச்சி. பள்ளந்தான் தெரியும்.”

வேலை வேண்டாம் என்று அப்பா எழுந்து வந்துவிட்டார்கள். வெளியூர்க் கொத்தனார் ஒருவர் வந்தார். சொன்னபடி ஆழமாகத் தோண்டி வடக்கே வாட்டம் கொடுத்து, ஒடுக்கமாக ஒரு முழ அகலத்தில் கட்டிக் கொடுத்துவிட்டு பஸ்ஸேறிப் போனார். வடக்கு முனையோ மேடு, அதற்கப்பால் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. ஐப்பசி மழை கொட்டியபோது தண்ணீர் அங்கே போய் முட்டி, திரும்பிக் கடைகளுக்குள் ஏறியது. வத்தல் மூடைகள் ஊறிப்போயின.

ஏசுவதற்கு ஓர் ஆள் வேண்டுமே. தெருவில் இருந்த கொத்தனார் அப்பா ஒருவர்தான். உடனே அதற்கு ‘கொத்தனார் வாறுகால்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தப் பேர்தான். வீடு கட்ட ஆள் தேடி வருகிறவர்களிடம்கூட அந்த வாறுகாலைக் காட்டி, அப்பாவுக்கு வாட்டம் பார்க்கத் தெரியாது என்றார்கள். வாயில் பொய்யை வைத்துக்கொண்டே நெற்றியில் திருநீறு பூசத் தெரிந்தவர்கள். அப்பா வேலை தேடித் திருச்சுழி வரைக்கும் பஸ்ஸில் போனார்கள்.

எனக்குப் பொறுக்காதது வேறொன்று. ஒவ்வொரு மழைக்கும் அப்பாவே மண்வெட்டியோடு போய், அந்த முனையில் நின்று, தேங்கிய தண்ணீரை வெட்டிவிட்டார்கள். சிமெண்டில் வெடித்த பாதங்கள் வத்தல் தண்ணீர் பட்டுக் காந்தும். அம்மா எண்ணெய் தடவிக்கொண்டே ஏன் போகிறீர்கள் என்று கேட்டால், தண்ணீர் நிற்கிறதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை என்பார்கள். அந்தக் கூட்டத்துக்காகவா என்று எனக்கு அப்பா மேலேயே ஆத்திரம் வரும்.

சென்ற ஆண்டு நெஞ்சுவலி வந்து மூன்றே நாளில் அப்பா போய்விட்டார்கள். வாசலில் வைத்துக் குளிப்பாட்டினோம். அந்தத் தண்ணீர் வாறுகாலில் இறங்கி, வடக்கே போய், சீயக்காய் நுரையும் உதிரிப் பூவுமாகத் தலைவர் கடை முன்னால் தேங்கி, தரையில் பரவியது. துக்கத்துக்கென்று அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தலைவர் கால்களைத் தூக்கிக்கொண்டார். வாய் சும்மா இருக்கவில்லை. கொத்தனார் வாறுகாலில் இன்றைக்கும் தண்ணீர் நிற்கிறதே என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

அப்பாவின் தலைமாட்டில் இருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“அவுக கட்டலன்னு ஒங்களுக்கே தெரியும், அண்ணாச்சி. அவுக வெட்டித்தான் விட்டாக. இனிமே அது ஒங்க வாறுகால்.”

தெருவே கேட்டது.

அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன திருச்சுழி சித்தாள்களுக்கும், மூன்று நாளும் எங்களுக்குச் சோறாக்கிக் கொடுத்த எதிர்வீட்டுக்காரர்களுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும் எங்கள் நன்றி. அப்பாவை எடுக்கும்வரை அந்த நாற்காலியில் இரண்டு கால்களையும் தூக்கி வைத்தபடியே உட்கார்ந்திருந்த சங்கத் தலைவர் அவர்களுக்கும் நன்றி.