ஊசியக்கா விற்ற மஞ்சள் கார்

பஸ் பாடி கட்டும் எங்கள் ஷெட்டில் சீட் தைக்கும் அக்காவுக்கு ஊசி என்று பெயர் வைத்தது யாரென்று இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. தொழிலைப் பார்த்து வைத்தார்களா, வாயைப் பார்த்து வைத்தார்களா என்பதும் தெரியாது. இரண்டுக்கும் பொருத்தமான பெயர்தான். பஸ் முதலாளி ஒருமுறை வந்து, சீட்டெல்லாம் கொஞ்சம் கடினமாக இருக்கிறதே என்று குறைபட்டுக்கொண்டபோது, "மெத்துன்னு இருந்தா டிரைவர் தூங்கிடறான்னு போன தடவை நீங்கதானே சொன்னீங்க" என்று தலை நிமிராமல் பதில் சொல்லிவிட்டுத் தையலைத் தொடர்ந்தவர் அவர்.

நான் அங்கே வெல்டர். அவருக்கு அடுத்த இடம் என்னுடையது. என் தீப்பொறி அவருடைய ரெக்சின் மேல் விழாமலிருக்க நடுவில் ஒரு தகரத் தடுப்பு உண்டு. அந்தத் தடுப்புக்கு மேலாகத்தான் அக்காவின் கதை கொஞ்சம் கொஞ்சமாக எனக்கு வந்து சேர்ந்தது.

அவருடைய கணவருக்கு இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. குடி, சூதாட்டம் எதுவும் கிடையாது. கார் பைத்தியம் மட்டும்தான். கல்யாணமான புதிதில் எங்கிருந்தோ ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். இரண்டே சீட். உடம்பு ஃபைபரில் வார்த்தது. நாலு பேர் சேர்ந்தால் கையால் தூக்கி நகர்த்திவிடலாம், அவ்வளவு லேசு. அந்தக் காலத்தில் அதன் பெருமையே அந்த லேசுதான் என்பார். வந்த வாரமே அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டார். அதற்குப் பிறகு அந்தக் கார் ஓடி யாரும் பார்த்ததில்லை.

ஏனென்றால் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. தொழிற்சாலையிலிருந்து எப்படி வெளியே வந்ததோ அப்படியே அது திரும்ப எழ வேண்டும். ஒரு திருகாணிகூட வேறாக இருக்கக் கூடாது. ஆகவே ஒவ்வொரு பாகத்துக்கும் அலைந்தார். ஊர் ஊராகக் கடிதம் போட்டார், லீவு போட்டுவிட்டுப் போய் வாங்கி வந்தார். வீடு குடோனானது. மகளுடைய துணி அலமாரியின் கீழ்த்தட்டில் ஹெட்லைட்கள் குழந்தைப் போர்வையில் சுருண்டு கிடந்தன. அந்தப் பெண் வளர்ந்து கல்லூரிக்குப் போன பிறகும் அவை அங்கேயேதான் கிடந்தன.

அக்கா இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது ஒரு தையல் மெஷின் விஷயத்தில். கனமான தோல் தைக்கும் மெஷின் அது. சொந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கி, வீட்டிலேயே சோபா உறை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தனியாக ஒரு கடை போட வேண்டும் என்ற நினைப்பு. ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்குப் போனால், மெஷின் இருந்த மூலை வெறுமையாக இருந்தது. சாப்பாட்டு மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் ஒரு ஜோடி கார்புரேட்டர். பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குக் கொடுக்கும் சாமான். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து பல்விளக்கும் பிரஷ்ஷால் அதைத் துலக்கிக்கொண்டிருந்தார்.

"இந்த ஜோடி இனிமே கிடைக்காது. மெஷின் எப்ப வேணா வாங்கிக்கலாம்" என்றாராம்.

அந்த 'எப்ப வேணா' வரவே இல்லை. அதற்கு முன் புருஷன் வீட்டைவிட்டுப் போய்விட்டார். பழைய கார் வைத்திருப்பவர்கள் சங்கத்தில் அறிமுகமான ஒரு பெண்மணியோடு. அந்தம்மாவிடமும் ஒரு பழைய கார் இருந்தது, அது ஓடவும் செய்தது என்பார் அக்கா. அதைச் சொல்லும்போது சிரிப்பார். நூலை மட்டும் பல்லால் வெடுக்கென்று கடித்து அறுப்பார்.

விவாகரத்து வழக்கில் அவரவர் சொத்தைச் சொல்ல வேண்டிவந்தது. கார் நல்ல விலை போகும் என்று சொன்னால் அதில் பாதி கொடுக்க வேண்டியிருக்கும் என்று பயந்தோ என்னவோ, அது வெறும் பழைய இரும்பு, எடைக்குப் போட்டாலும் ஒன்றும் தேறாது என்று அவரே எழுதிக் கொடுத்தார். அக்காவின் வக்கீல் ஒரு ஒல்லியான அம்மாள், பேச்சில் அவசரமே கிடையாது. "வீட்டோட அந்தப் பழைய இரும்பும் எங்க கட்சிக்காரருக்கே இருக்கட்டுமே. சார்தான் ஒண்ணும் தேறாதுங்கறாரே" என்றார். நீதிபதி முன்னால் புருஷனால் வாயைத் திறக்க முடியவில்லை. கையெழுத்துப் போட்டார்.

வெளியே வரும்போது படிக்கட்டில் அக்காவை நிறுத்தி மெதுவாகப் பேசினாராம். கோர்ட்டுக்காகச் சொன்னதையெல்லாம் பெரிதுபடுத்தாதே, புது வீட்டில் ஷெட் போட்டதும் வந்து எடுத்துக்கொள்கிறேன், அதுவரை பத்திரமாக இருக்கட்டும், ஒரு பாகத்தையும் தொடாதே என்று.

"தொடாதன்னு சொன்னான் பாரு, அப்பதான் எனக்கு வழி தெரிஞ்சுது" என்றார் அக்கா தடுப்புக்கு மேலாக. அதுவரை புருஷனை 'அவர்' என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அன்றிலிருந்து 'அவன்' என்றார்.

உடைக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். என் கட்டரை வேண்டுமானால் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன்.

"உடைச்சா அவனுக்கு ஒரு நாள் அழுகை. செஞ்சு முடிச்சா ஆயுசுக்கும்" என்றார்.

முதலில் பாகங்களை விற்றார். கடைக்காரர்களுக்கு அல்ல. அந்தச் சங்கத்து உறுப்பினர்களுக்கே, ஒருவருக்கு ஒன்றாக. மர ஸ்டியரிங் ஒருவருக்கு, கம்பிச் சக்கரங்கள் இன்னொருவருக்கு. புருஷன் ஆயுசெல்லாம் தேடியதை ஆளாளுக்கு வாங்கிக்கொண்டு போய், சங்கக் கூட்டத்தில் அவர் முன்னாலேயே காட்டிப் பெருமையடித்துக்கொண்டார்கள். கார்புரேட்டர் ஜோடி போன அன்று அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டார் என்று மகள் வந்து சொன்னாள். அந்தப் பணத்தில் அக்கா ஒரு தையல் மெஷின் வாங்கினார். பழையதைவிடப் பெரியது. வெறுமையாக இருந்த அதே மூலையில் போட்டார்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை தொடங்கியது. நானும், கிரீஸ் என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் ஷெட்டு மெக்கானிக்கும் போவோம். அடிச்சட்டம் துருவேறிக் கிடந்தது. துருவை வெட்டி எடுத்துப் புது இரும்பு வைத்துப் பற்றவைத்தேன். எங்கோ மோதி நொறுங்கிய ஒரு புதுக் காரிலிருந்து என்ஜினையும் ஐந்து கியர் பெட்டியையும் கிரீஸ் பிடித்துக்கொண்டு வந்தான். கார்புரேட்டருக்கு வேலையே இல்லாத, கம்ப்யூட்டர் வைத்த என்ஜின். பொருத்திப் பார்த்தால் பானெட் மூடவில்லை. பானெட்டில் ஒரு ஓட்டை போட்டுவிடலாம் என்றான் கிரீஸ். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் பழைய வடிவம் ஒரு மயிரிழைகூட மாறக் கூடாது, உள்ளே மட்டும் எல்லாம் மாற வேண்டும் என்றார். என்ஜின் உட்காரும் தாங்கிகளை வெட்டி இறக்கி, சரிவராமல் மறுபடியும் வெட்டி இறக்கினேன். கடைசியில் பானெட் சத்தமில்லாமல் மூடியது. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், சூடேறாமலிருக்க மின்விசிறி, நல்ல பெல்ட் என்று ஒவ்வொன்றாக ஏறின. ஒவ்வொன்று ஏறும்போதும், "இதைப் பாத்தா அவனுக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்பார். வயிறு எரியும் என்று நாங்கள் சொல்ல வேண்டும். சொன்னால்தான் டீ வரும்.

பெயிண்ட் விஷயத்தில் எங்களுக்கே பாவமாக இருந்தது. அந்தக் காருக்கு உரிய பழைய வெண்ணெய் நிறம் எது என்று புருஷன் பல வருஷம் ஆராய்ந்து, சிறு சிறு தகடுகளில் அடித்துப் பார்த்துச் சுவரில் வரிசையாக மாட்டி வைத்திருந்தார். அக்கா, ஸ்கூல் பஸ்ஸுக்கு அடித்து மிச்சமிருந்த மஞ்சளை எடுத்துவரச் சொன்னார்.

சீட்டுகள் மட்டும் முழுக்க அக்காவின் கைவேலை. கருநீலத் தோல், இரட்டைத் தையல், ஒரு சுருக்கம் கிடையாது. ஷெட்டில் இத்தனை வருஷத்தில் அவர் அப்படித் தைத்து நான் பார்த்ததில்லை. தைத்து முடித்த சீட்டைக் கையால் தடவிக்கொண்டே இருந்தார். கோபமெல்லாம் போய்விட்டதோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்டேவிட்டேன்.

"இதுல அவன் உக்காந்து ஓட்டப் போறதில்லன்னு நெனச்சு நெனச்சுத்தான் தைக்கிறேன். அதான் இவ்வளவு நல்லா வந்திருக்கு" என்றார்.

மகளுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. பாதி நாள் அம்மா வீடு, பாதி நாள் அப்பா வீடு என்று இருந்தவள். காரை அப்பாவுக்கே கொடுத்துவிடு, இல்லையென்றால் அவருக்கே விற்றுவிடு என்று பலமுறை சொல்லிப் பார்த்தாள். அப்பா அழுதார் என்றும் சொன்னாள். நல்லது என்றார் அக்கா.

விற்பனைக்கு என்று விளம்பரம் கொடுத்த பிறகு இரண்டு பேர் உறுதியாக வந்தார்கள். ஒருவர் ஜவுளிக்கடைக்காரர். வீட்டில் வரிசையாக உறை போட்டுப் பழைய கார்கள் வைத்திருப்பவர், கேட்டதைவிட அதிகம் தருகிறேன் என்றார். இன்னொருவர் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸம்மா. பருத்த உடம்பு, உரத்த சிரிப்பு. இத்தனை நாள் ஸ்கூட்டரில் நனைந்தது போதும், கொஞ்சம் சந்தோஷமாகப் போய்வரலாம் என்று வந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரையும் அக்கா ஒரே நேரத்துக்கு வரச் சொன்னார். அந்தத் தேதியை மகள் காதில் விழும்படியும் சொல்லி வைத்தார். எதிர்பார்த்தபடியே மகளோடு அவள் அப்பாவும் வந்தார்.

"வாங்க சார்" என்றார் அக்கா, மற்ற இருவரையும் வரவேற்ற அதே குரலில்.

அவர் காரைச் சுற்றி வந்தார். மஞ்சளைத் தொட்டுப் பார்த்தார். பானெட்டைத் தூக்கியவர் கொஞ்சநேரம் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன பண்ணி வெச்சிருக்க?"

"ஓடற மாதிரி பண்ணியிருக்கேன் சார். உக்காருங்க, ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

ஓட்டும் பக்கம் அக்கா ஏறிக்கொண்டார். அவர் பக்கத்தில். வீட்டு வாசலிலிருந்து சீறிக்கொண்டு போனார்கள். அந்தக் காருக்காகவே அக்கா டிரைவிங் பழகியிருந்தார். நாங்கள் முற்றத்தில் ஆளுக்கொரு திசை பார்த்துக்கொண்டு நின்றோம்.

போன இடத்தில் நடந்ததை அக்கா பிறகுதான் சொன்னார். ஏரிக்கரை வளைவில் வேகத்தைக் குறைக்காமல் திருப்பியிருக்கிறார். கார் தரையோடு ஒட்டிக்கொண்டு வழுக்கிக்கொண்டு போனது. பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு. சின்னப் பையன் சிரிப்பதுபோல, தன்னை மறந்து சிரித்துவிட்டார் மனுஷன். "கூட வாழ்ந்த காலத்துல அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதே இல்ல. ஒரு நிமிஷம், குடுத்துடலாமான்னுகூட நெனச்சேன். அப்புறம், இந்தச் சிரிப்பு எனக்கு இல்ல, காருக்குன்னு புரிஞ்சுது" என்றார்.

திரும்பி வந்து இறங்கியவர் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"நல்லா ஓடுது" என்றார். பிறகு, "எவ்வளவு வேணும்னு சொல்லு, நான் எடுத்துக்கறேன்" என்றார்.

"விக்கத்தான் போறேன் சார். உங்களுக்கு இல்ல."

ஜவுளிக்கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். அக்கா அவரைத் தாண்டி நர்ஸம்மாவிடம் போனார். வீடு எங்கே என்று கேட்டார். நர்ஸம்மா தெருவின் பெயரைச் சொன்னதும் எங்களுக்குப் புரிந்துவிட்டது. அக்காவுக்கு அது முன்பே தெரியும். புருஷனுடைய புது வீட்டுக்கு நேர் பின்தெரு அது. வண்டியை எங்கே நிறுத்துவீர்கள் என்று கேட்டார். வாசலில்தான், எனக்கு ஷெட்டெல்லாம் கிடையாது என்றார் நர்ஸம்மா. மழையில் நனையுமே என்றார் ஜவுளிக்கடைக்காரர் பதறிப்போய்.

"நனையட்டும்" என்று சொல்லி, சாவியை நர்ஸம்மா கையில் வைத்தார் அக்கா. குறைந்த விலைக்குத்தான் கொடுத்தார்.

புருஷன் தெருவில் இறங்கி நடந்தார். மகள் உள்ளே போய்ப் பையில் துணியை அடைத்துக்கொண்டு வந்தாள்.

"நீ காரை விக்கலம்மா. அப்பாவைக் கூப்பிட்டுவெச்சு அவமானப்படுத்தின" என்று சொல்லிவிட்டு அவர் பின்னாலேயே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு பல மாதம் அவள் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. ஷெட்டில் அக்கா முன்போலவே தைத்தார், முன்போலவே பேசினார். போன் அடித்தால் மட்டும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார். பெரும்பாலும் யாராவது சோபா உறைக்காகக் கூப்பிட்டிருப்பார்கள்.

மழைக்காலம் தொடங்கியபோது நர்ஸம்மா ஒருமுறை போனில் பேசினார். விடிந்து எழுந்து பார்த்தால் கார்மேல் யாரோ தார்ப்பாய் போர்த்தி, நான்கு பக்கமும் கயிறு கட்டியிருக்கிறார்கள், பின்வீட்டுக்காரர்தான் என்று பக்கத்தில் சொல்கிறார்கள், நல்ல மனுஷன்போல, வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். வேண்டாம், மடித்துக்கொண்டுபோய் அவர் வாசலிலேயே போட்டுவிடுங்கள், பஸ் பெயிண்ட் மழைக்குப் பயப்படாது என்றார் அக்கா. இது கொஞ்சம் அதிகம் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவும் செய்தேன். அவர் மெஷினை ஓடவிட்டார். அந்தச் சத்தத்தில் நான் சொன்னது காதில் விழவில்லையாம்.

மகள் ஒரு மத்தியான வேளையில் ஷெட்டுக்கே வந்தாள். பாதி தைத்த பஸ் சீட் ஒன்றில் வந்து உட்கார்ந்தாள். நான் வெல்டிங்கை நிறுத்திவிட்டேன்.

"இப்ப சந்தோஷமா இருக்கியாம்மா?"

"அன்னைக்கு ரொம்ப சந்தோஷமா இருந்தேன். பொய் சொல்ல மாட்டேன்" என்றார் அக்கா.

"நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்."

"இரு. சாப்பிட்டுட்டுக் கோவப்படு."

அக்கா டிபன் பாக்ஸைத் திறந்து மூடியில் பாதியை எடுத்து வைத்தார். மகள் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள். படிப்பைப் பற்றி அக்கா கேட்டார், அவள் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். கொஞ்சநேரம் கழித்து அவளாகவே அப்பாவைப் பற்றிப் பேசினாள். சங்கத்துக்குப் போவதை விட்டுவிட்டார். காலையில் நர்ஸம்மா காரை எடுக்கும் நேரத்துக்குப் பின்பக்க ஜன்னலில் போய் நிற்கிறார். தெருமுனை தாண்டி அந்தச் சத்தம் அடங்கும்வரை அங்கேயே நிற்கிறார்.

அக்கா வாயில் போட்டதை மெல்லுவதை நிறுத்தினார்.

"தினமுமா?"

"தினமும்தான்."

அக்கா தன் பங்கிலிருந்து இன்னும் கொஞ்சம் எடுத்து மகளுடைய மூடியில் வைத்தார். "எந்த ஜன்னல்னு சொன்ன?" என்று கேட்டார்.