அப்பா எனக்குக் கொஞ்சம் சீக்கிரமாவே குடுத்த சர்ஜன் பட்டம்

ஆஸ்பத்திரில கிருமி சாக ஆட்டோகிளேவ்ல வெந்து வந்த துணி வாசம் தெரியுமா உங்களுக்கு? இட்லிக் கொப்பரையத் திறந்தா ஒரு ஆவி வருமே... அதுல மருந்து வாசம் கலந்த மாதிரி. ஆபரேஷன் தியேட்டர்ல பச்சத் துணி மூட்டையப் பிரிச்சா மூஞ்சில அடிக்கும். தேனில எம்.எஸ் சர்ஜரி படிச்ச முதல் வருசம் பூராவும் எனக்கு அந்த வாசந்தான்.

முதல் வருச பிஜின்னா பெரிய சர்ஜன்னு நெனச்சுறாதீக. ரத்தத்துக்கு அலையணும், ஸ்கேனுக்கு அலையணும். தியேட்டர்ல ரிட்ராக்டர் பிடிக்கணும். அதாவது எங்க பெரிய டாக்டர், சீஃப், உள்ள வேலை பாக்க, நம்ம காயத்தோட ஓரத்த இழுத்துப் பிடிச்சுக்கிட்டு அசையாம நிக்கணும். மூக்கு அரிச்சாலும் சொறிய முடியாது.

தையல் முடிச்சு போட மட்டும் எங்கன வேணா பழகலாம். கோட்டுப் பட்டன் ஓட்டை, மெஸ் நாற்காலி, ஊருக்குப் போற பஸ்ல முன்சீட்டுக் கம்பி... எல்லாத்துலயும் என் நூல் தொங்கும். "ஏம்மா, இறங்கும்போது பஸ்ஸ அவுத்து விட்டுட்டுப் போ"ன்னு கண்டக்டர் ஒருநா சத்தமாச் சொல்ல, பஸ்ஸே சிரிச்சுச்சு.

இதுதான் நம்ம லட்சணம்.

ஆனா சின்னமனூர்ல வாழக்கா மண்டி வச்சிருந்த எங்கப்பா என்ன சொல்லி வச்சிருக்காக? "எம்மக தேனில பெரிய சர்ஜன். வயித்தக் கிழிச்சுத் தச்சு அனுப்புறா." லோடு ஏத்த வர்ற லாரி டிரைவர் வரைக்கும் சொல்லியாச்சு!

அந்தப் பேச்ச நம்பி ஒருத்தர் வந்தே வந்துட்டாக. உத்தமபாளையம் காதர் மாமா. திராட்சத் தோட்டக்காரர், அப்பாவுக்கு உயிர்ச் சிநேகிதர். வருசக்கணக்கா ஹெர்னியா, அதான் குடலிறக்கம். லங்கோட்ட இறுக்கிக் கட்டியே ஓட்டிக்கிட்டு இருந்தாக. குடல் மாட்டிக்கிட்டா உயிருக்கே ஆபத்துன்னு யாரு சொல்லியும் கேக்கல, கத்தின்னா அம்புட்டு பயம். "மருமக கையாலன்னா படுத்துக்கிறேன்"னு பையத் தூக்கிட்டு வந்து அட்மிட் ஆயிட்டாக.

நானோ முதல் வருச பிஜி. நான் தனியா ஒரு ஹெர்னியா கூடப் பண்ணதில்ல. உண்மையச் சொன்னா மாமா கிளம்பிருவாக, அப்புறம் ஆஸ்பத்திரிப் பக்கமே வர மாட்டாக. சொல்லாம மறச்சா... அது மகாபாவம். கூட வந்திருந்த அப்பாவ வராண்டாவுல பிடிச்சுச் சண்டை போட்டேன். "ஏம்ப்பா இப்பிடி அளந்து விடுறீக?" அப்பா முகம் சுண்டிப் போச்சு.

ஆபரேஷனுக்கு முதநா சாயங்காலம் மாமா கட்டில் பக்கம் போனேன். அப்பாவும் அங்கனதான் நின்னாக.

"மாமா, நான் இன்னும் கத்துக்கிட்டுதான் இருக்கேன். ஆபரேஷன் சீஃப்தான் பண்ணுவாக. நான் கூட நிப்பேன்."

மாமா அப்பாவப் பாத்தாக. அப்பா ஜன்னலப் பாத்தாக. மாமா எந்திரிச்சு, கட்டிலுக்கு அடியில இருந்த பைய எடுத்துட்டாக.

"அப்ப உங்கப்பன் சொன்னது அம்புட்டும் பொய்யா மருமகளே?"

"பொய் இல்ல மாமா... கொஞ்சம் சீக்கிரமாச் சொல்லிட்டாக."

எப்பிடித்தான் வாயில வந்துச்சோ! மாமா பையக் கீழ வச்சாக. அப்புறம் சிரிச்சாக பாருங்க... குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சு, வலிக்குதுன்னு அடிவயித்தப் பிடிச்சுக்கிட்டு கட்டில்லயே உக்காந்துட்டாக. "உள்ளதச் சொல்ற பிள்ளை கூட நின்னாப் போதும்த்தா"ன்னு பைய மறுபடி உள்ள தள்ளுனாக.

மறுநா முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மரத்துப் போக வச்சாச்சு. வாய் மரக்கலயே! திரைக்கு அந்தப் பக்கமிருந்து "மருமகளே, இருக்கியா?"

"இருக்கேன் மாமா."

செத்த நேரத்துல மறுபடியும். சீஃப் பொறுத்துப் பொறுத்துப் பாத்தாக. கடைசில தையல் ஊசிய என் கையில குடுத்து, "தோல நீயே தச்சு முடி. அப்பவாச்சும் உங்க மாமா வாய மூடுறாரான்னு பாப்போம்"னாக.

தச்சேன். பஸ் கம்பில பழகுன முடிச்சு வரிசையா விழுந்துச்சு. எனக்கே ஆச்சரியம்.

மாமா ஊருக்குப் போயி என்ன சொன்னாக தெரியுமா? "முழு ஆபரேஷனும் மருமகதான்!" போச்சுடா... அளந்து விடுற ஆளு இப்ப ரெண்டு. நல்லவேளை, டீக்கடையில தூக்கிக் காட்ட முடியாத எடத்துல தையல் இருந்துச்சு, நான் தப்பிச்சேன்.

இப்ப தேனில என் பேர் போட்ட போர்டு இருக்கு. வயித்துக்குள்ள கேமரா விடுற லேப்ராஸ்கோப், பெரிய ஸ்கிரீன்... பேஷண்ட் நிம்மதியாத் தூங்குறாக. வர்றவுக போன்ல படிச்சுட்டு வந்து "இந்த ஆபரேஷன் எத்தன பண்ணிருக்கீக டாக்டர்?"னு கேக்குறாக. நியாயமான கேள்விதான். உள்ளதச் சொல்றேன்.

காதர் மாமா போயிச் சேந்துட்டாக. அப்பாவும் இல்ல.

போன வாரம் ரொம்பச் சிக்கலான கேஸ் ஒண்ணு நல்லபடியா முடிஞ்சுச்சு. சந்தோசம் தாங்கல. கார்ல உக்காந்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். நடந்தது நடந்தபடி சொன்னேன். "சூப்பர்"னாக. பாவம், அவுக மேல தப்பு ஒண்ணுமில்ல.

இத ஒண்ணுக்குப் பத்தா ஊரு பூராவும் சொல்லித் திரிய எங்கப்பா இல்லையேன்னு... ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டேன்.