நான் கழுவிய சுவர்

நான் அடைக்கலம் தேடி வந்த குளிர்நாட்டில், பாடன் நகரில், ஆற்றை நோக்கி நின்ற ஒரு பழைய வீட்டின் சாந்துப் பூச்சை உடைக்காமல், அதன்மேல் மரச்சட்டங்கள் அறைந்து, குளிர் தடுக்கும் பஞ்சை இடையே வைத்து, வெளியே கல்நார்த் தகடுகளைப் பொருத்துவது எங்களுக்கு இடப்பட்ட பணி. எண்பதுகளின் நடுப்பகுதி, இலைகள் உதிர்ந்துகொண்டிருந்தன. என் அகதி விண்ணப்பம் விசாரணையில் இருந்தது. முதலாளியிடம் கேட்டு எனக்கு அவ்வேலையை வாங்கித் தந்தவர், எனக்கு முன்பே வந்திருந்த சாவகச்சேரி அண்ணை ஒருவர். அவர் மனைவி கொழும்பில் ஒரு விடுதியறையில் காத்திருந்தார். வேலை நிலைத்தால்தான் மனைவியை அழைக்க அவருக்கு அனுமதி கிடைக்கும்.

பூச்சின் உறுதியைச் சோதிப்பது அண்ணையின் பொறுப்பு. சிறு சுத்தியலால் இரண்டு நாள் சாண் சாணாகத் தட்டினார். வெற்றொலி எழுந்த இடங்களைக் கொத்தி அடைத்தார். முடிவில், "இனி இது அசையாது. நான் மனிசிக்குக் குடுத்த வாக்கை விடப் பலமா நிக்குது," என்று சிரித்தார்.

அன்று வெள்ளிக்கிழமை. கொழும்புக்குத் தொலைபேசி எடுக்க அவர் முன்னதாகவே அஞ்சலகம் போய்விட்டார். சுவரின் வடபுறம் பாசி படர்ந்திருந்தது. எங்கள் ஊரில் சுவரில் எந்த வேலை தொடங்கினாலும் முதலில் கழுவுவார்கள், மாலைக்குள் காய்ந்துவிடும். எவரும் சொல்லாமலே நான் குழாயைப் பிடித்து, நீர் வழிய வழிய அச்சுவரைத் தேய்த்துக் கழுவினேன். திங்களன்று மேற்பரப்பு காய்ந்து வெளுத்துக் கிடந்தது. அதை மூடினோம்.

தை மாதக் கடுங்குளிருக்குப் பின் வடபுறத் தகடுகள் வயிறு தள்ளின. முதலாளி ஒன்றைக் கழற்றினார். உள்ளே தங்கிய ஈரம் உறைந்து வெடித்த பூச்சு பாளம் பாளமாக உள்ளே சரிந்து கிடந்தது. சட்டங்கள் பிடிமானமின்றித் தொங்கின. இதைத் தட்டியே பார்க்கவில்லை என்றார் முதலாளி. அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நான் தட்டினதை நீ பார்த்தனிதானே. இவருக்குச் சொல்லு."

தட்டினார் என்று சொன்னேன். தண்ணீரைப் பற்றிச் சொல்லவில்லை. வேலை போனால் என் விசாரணை என்னாகும் என்ற அச்சம் நாவைக் கட்டிவிட்டது. ஊர்க்காரனுக்கு ஊர்க்காரன் சாட்சி என்று முதலாளி என் பேச்சைத் தள்ளினார். அன்றே அண்ணையை வேலையிலிருந்து நிறுத்தினார்.

பேருந்துத் தரிப்பில் அண்ணை தாழ்ந்த குரலில் கேட்டார்:

"வடக்குப் பக்கம் நான் வடிவாத் தட்டினனான்தானே? இப்ப எனக்கே சந்தேகமாக் கிடக்கு."

"ஓம் அண்ணை," என்றேன்.

அவர் டாவோஸ் என்ற மலையூரில் ஒரு விடுதிச் சமையலறைக்குப் பாத்திரம் கழுவப் போனார். அது பருவகால வேலை. அதை வைத்து மனைவியை அழைக்க இயலாது. வசந்தத்தில் அச்சுவரை மறுபடி பூசி மூட வேண்டியிருந்தது. முதலாளி அண்ணையின் சுத்தியலை என் கையில் தந்தார். இம்முறை கழுவாமல் நான் தட்டினேன். காய்ந்த சுவர் எங்கும் திண்ணென்றே ஒலித்தது.