ஜெபம் முடியும் வரை

எழுபதுகளில் மழை பொய்த்த ஒரு வருஷம், செங்கல்பட்டில் எங்கள் சபை வாசலில் ஞாயிறுதோறும் ஏழைகளுக்குச் சோறு போட ஆரம்பித்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். அதனால் ஜெபமும் நானே செய்தேன், நீளமாக, நல்ல தமிழில். இலையில் சோறு விழுந்த பிறகு ஜெபம். முடியும்வரை யாரும் கண் திறக்கக் கூடாது என்பது நான் வைத்த சட்டம்.

மூன்றாவது வாரம், பாதி ஜெபத்தில் கண்ணைத் திறந்து பார்த்தேன். மதுராந்தகம் பக்கமிருந்து பிழைக்க வந்த ஒருத்தி தன் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் இலையைப் பிடித்து இழுத்தேன்.

“ஆண்டவருக்கு நன்றி சொல்றதுக்கு முன்னாடியே துன்றியே, வெக்கமா இல்ல?”

“கொழந்த நேத்துலேர்ந்து துன்னல சாமி. ஆமா, நீயும் கண்ண மூடிக்கினுதான இருந்த? எப்டிப் பாத்த?”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “எழுந்து போ” என்றேன்.

அவள் குழந்தையின் வாயில் விரல் விட்டு, மெல்லாத சோற்றை வழித்து இலையில் வைத்தாள். “இந்தா, உன் சோறு. நீயே வச்சிக்கோ.”

குழந்தை வீறிட்டு அழ அழத் தூக்கிக்கொண்டு போனாள். கூப்பிட்டிருக்கலாம். எல்லாரும் பார்க்கிறார்களே என்று கூப்பிடவில்லை. விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தேன். முடித்ததும் அத்தனை பேரும் சத்தமாக ஆமென் சொன்னார்கள். அது பக்தியில்லை, பயம் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் அது எனக்குப் பிடித்திருந்தது.