சூளைக்குப் போன சனிக்கிழமைகள்

1. துறைமுகத்தில் முதல் நாள்

ஆபீஸ் உதவியாளர் என்று சொல்லித்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். டைப் அடிக்க வேண்டும், தபால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றார்கள். முதல் நாள் காலை ராயபுரத்தில் இருந்த சேவா சங்கத்து ஆபீசுக்குள் நுழைந்ததும் செயலாளர் தாமோதரம் என்னை நாற்காலியில் உட்காரக்கூட விடவில்லை.

“மிஸ் ஞானசுந்தரி, ஹார்பருக்குப் போங்க. ஃபாரின் வாலண்டியர்ஸ் கப்பல் வந்தாச்சு. நீங்கதான் கேம்ப் ஆர்கனைசர்.”

“கேம்ப்னா என்ன சார் செய்யணும்?”

“போகப் போகத் தெரியும்.”

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. அந்தக் கோடையில் திருவொற்றியூர் கடலோரக் குப்பம் ஒன்று தீப்பிடித்து ஒரு வரிசை வீடுகள் மொத்தமாகச் சாம்பலாகியிருந்தன. அங்கே செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையுமாகப் புது வீடுகள் கட்டித்தர சங்கம் முன்வந்திருந்தது. அந்த வேலைக்கென்று ஸ்விட்சர்லாந்து, ஹாலந்து, நார்வே என்று பல நாட்டு இளைஞர்கள் கப்பலின் மேல்தளத்தில் படுத்துறங்கி, சொந்தச் செலவில் வந்திறங்கினார்கள்.

நான் எதிர்பார்த்தது தொப்பி போட்ட துரைமார்களை. வந்தவர்களோ வெயிலில் தோலுரிந்த மூக்கோடு, முதுகில் கான்வாஸ் மூட்டையோடு நின்ற பிள்ளைகள். அவர்களில் மார்த்தா என்ற ஸ்விஸ் பெண் என் கையைப் பிடித்துக் குலுக்கி, “மண்வெட்டி எங்கே?” என்று இங்கிலீஷில் கேட்டாள். அதுதான் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

காலடிப்பேட்டையில் கோடை விடுமுறைக்கு மூடியிருந்த பள்ளிக்கூடம்தான் முகாம். உள்ளூர்த் தொண்டர்களும் அங்கே வந்து சேர்ந்தார்கள். அவர்களில் இருவரை இங்கே சொல்ல வேண்டும். ஒருவன் கன்னியப்பன். வியாசர்பாடிக்காரன், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை பழகிக்கொண்டிருந்தான். இன்னொருத்தி பவுனு. புளியந்தோப்பு லைன் வீட்டில் பௌத்தக் குடும்பத்துப் பெண். பகலில் மில்லில் வேலை செய்து மாலையில் படித்துக்கொண்டிருந்தாள். இருவரும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

வாரம் முழுக்க எல்லோரும் ஒன்றாக மண் சுமந்தோம், கலவை குழைத்தோம். ஒரே அண்டாவிலிருந்து சாப்பிட்டோம். பவுனு செங்கல் எடுத்துக் கொடுக்க மார்த்தா வைப்பாள். “தூக்கு”, “போடு”, “அப்டியே குடு” என்ற மூன்றும் மார்த்தாவுக்கு இரண்டாம் நாளே வந்துவிட்டன.

2. வேனில் இருந்து இறங்கியவர்கள்

சனிக்கிழமை மதியத்தோடு வேலை முடியும். ஞாயிறு விடுமுறை. அந்த ஒன்றரை நாளில் தொண்டர்களை எங்காவது அழைத்துப் போய் ஊரைக் காட்டுவதும் ஆர்கனைசரின் வேலை. முதல் சனிக்கிழமைக்கு தாமோதரமே ஏற்பாடு செய்திருந்தார். ஒரு பெரிய கிளப்பில் டீ பார்ட்டி, பிறகு பாண்டு வாத்தியம்.

வேன் வந்து நின்றது. எல்லோரும் ஏறினார்கள். பவுனு தன்னிடம் இருந்த நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். டிரைவர் திரும்பிப் பார்த்துவிட்டு என்ஜினை நிறுத்தினார்.

“லோகல் ஆளுங்க எறங்கிக்கணும்மா. ஐயா சொல்லி அனுப்பிச்சாரு.”

கன்னியப்பன் என்னைப் பார்த்தான். “இன்னா மிஸ் இது? மண்ணு தூக்க மட்டும் நாங்களா?”

அதற்குள் பவுனு இறங்கிவிட்டாள். யாரையும் பார்க்கவில்லை. புடவைக் கொசுவத்தை ஒரு கையால் பிடித்தபடி நேராகப் பள்ளிக்கூடத்துக்குள் போனாள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது என்று புரியவில்லை. புரிந்ததும் மார்த்தாவும் இறங்கினாள். அவள் பின்னால் இன்னும் சிலர். வேன் பாதி காலியாகத்தான் கிளப்புக்குப் போனது.

திங்கட்கிழமை நான் தாமோதரத்தின் அறைக்குப் போனேன்.

“அவங்க கெஸ்ட்ஸ். இவங்க வேலைக்கு வந்தவங்க. டிஃபரன்ஸ் தெரியலையா உங்களுக்கு?”

“ரெண்டு பேரும் வேலைக்கு வந்தவங்கதான் சார். ரெண்டு பேருக்கும் சம்பளம் கிடையாது.”

“கிளப்ல ரூல்ஸ் இருக்கு.”

“அப்ப கிளப் வேண்டாம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “லுக் ஹியர். நம்ம வீடுகளுக்கு மங்களூர் ஓடு முழுக்கத் தர்ற முதலாளி அந்த கிளப் மெம்பர். வர்ற சனிக்கிழமை எண்ணூர்ல அவர் பங்களாவுல விருந்து. ஃபாரினர்ஸ் எல்லாரும் வந்தாகணும். வீணா பேஜார் பண்ணாதீங்க.”

நான் வெளியே வந்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் இறங்கிப் போன பவுனுவின் முதுகு கண்ணிலேயே நின்றது.

3. விறகுப் படகு

அந்த நாட்களில் பக்கிங்காம் கால்வாயில் விறகுப் படகுகள் ஓடிக்கொண்டிருந்தன. வடக்கிலிருந்து சவுக்குக் கட்டை ஏற்றி வந்து பேசின் பிரிட்ஜில் இறக்கிவிட்டு, காலியாகத் திரும்பும். கன்னியப்பனுக்கு ஏழுமலை என்ற படகுக்காரரைத் தெரிந்திருந்தது. என்னையும் கால்வாய்க் கரைக்கு அழைத்துப் போனான்.

“நைனா, சனிக்கெழம காலியாத்தானே போற? எங்களயும் ஏத்திக்கினு போயேன். எண்ணூர் முகத்துவாரம் வரிக்கும்.”

ஏழுமலை என்னை மேலும் கீழும் பார்த்தார். “எத்தினி பேரு?”

“எல்லாரும்,” என்றேன்.

“வெள்ளக்காரங்களுமா? படகுல தூசியும் தும்புமா கலீஜா கீதும்மா.”

“பெருக்கிக்கிறோம்.”

“அப்ப வாங்க. தண்ணி கம்மியா கீது. தட்டுச்சின்னா எறங்கித் தள்ளணும். அதான் கூலி.”

முகாமில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னேன். எண்ணூர் பங்களாவில் ஒரு விருந்து இருக்கிறது, அங்கே வேன் போகும். கால்வாயில் ஒரு படகு போகிறது, அதில் எல்லோரும் வரலாம். யார் எதில் போவது என்பது அவரவர் விருப்பம். சொல்லி முடிப்பதற்குள் மார்த்தா, “படகு” என்று தமிழிலேயே சொன்னாள். முகாமே சிரித்தது. பவுனு மட்டும் சிரிக்கவில்லை.

“எனக்காக யாரும் பார்ட்டிய வுட வேணாம் மிஸ்,” என்றாள்.

“உனக்காக இல்ல பவுனு. எனக்கு அந்த வேன்ல ஏறப் பிடிக்கல.”

“அப்ப சரி,” என்றாள்.

சனிக்கிழமை மதியம் கட்டுச்சோறும் பானைத் தண்ணீருமாகப் படகு ஏறினோம். சடையங்குப்பம் தாண்டியதும் ஏழுமலை சொன்னபடியே படகு தரை தட்டியது. எல்லோரும் முழங்கால் சேற்றில் இறங்கினோம். பாதிப்பேர் பின்னாலிருந்து தள்ள, பாதிப்பேர் கரையில் ஏறிக் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தோம். கன்னியப்பன் “ஏலேலோ” போட, அதை நார்வேப் பையன்கள் தங்கள் ஊர் ராகத்தில் திருப்பிச் சொன்னார்கள். பவுனு அப்போதுதான் சிரித்தாள். சேற்றில் வழுக்கி உட்கார்ந்துவிட்டு, எழுந்திருக்கவும் முடியாமல் சிரித்தாள்.

எண்ணூரில் அந்தப் பங்களாவின் தோட்டம் கால்வாய்க் கரைவரை வந்து முடியும். புல்தரையில் வெள்ளைத் துணி விரித்த மேசைகள். விருந்தாளிகளுக்காகக் காத்திருந்த முதலாளி, பக்கத்தில் தாமோதரம். அவர் அனுப்பிய வேன் முகாமுக்குப் போய்க் காலியாகத் திரும்பியிருந்தது. தலையிலிருந்து கால்வரை சேற்றோடு நாங்கள் கயிறு இழுத்துக்கொண்டு அவர்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தோம்.

தாமோதரம் கரைக்கே ஓடி வந்தார். “மிஸ் ஞானசுந்தரி! படகை நிறுத்தச் சொல்லுங்க! ஃபாரினர்ஸ் மட்டும் இங்க எறங்கட்டும்!”

“எல்லாரையும் கூப்பிடுங்க சார், எல்லாரும் வர்றோம். குளிச்சுட்டு வர்றோம்.”

அவர் திரும்பி முதலாளியைப் பார்த்தார். முதலாளி எழுந்து பங்களாவுக்குள் போய்விட்டார்.

“திங்கக்கிழமையிலேர்ந்து உங்களுக்கு வேலை இல்ல. தெரிஞ்சுக்கோங்க.”

“சரிங்க சார்,” என்றேன். தோளில் கயிறு அழுத்திக்கொண்டிருந்தது. நின்று பேச நேரமில்லை. நின்றால் படகு பின்னால் போய்விடும்.

4. சின்னப்பொண்ணு கேட்ட கேள்வி

திங்கட்கிழமை வேலை போனது. கூடவே ஓடும் போனது. ஓடு வராது என்று முதலாளி சொல்லி அனுப்பிவிட்டார். சுவர்கள் எழும்பிய வீடுகள் மொட்டையாக நின்றன.

செய்தி எனக்கு முன்பே குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. சின்னப்பொண்ணு என்ற மீன்காரி, வரிசையின் கடைசி வீடு அவளுடையது, என்னைப் பார்த்ததும் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

“யம்மா, நீதான் அந்த ஐயாகிட்ட மல்லு கட்டுனவளா?”

“ஆமாங்க.”

“உனுக்கு ரோசம் கீது. இருக்கட்டும். உன் ரோசத்துக்கு என் கூரயா? மழ வந்தா என் புள்ளைங்கள உன் வூட்ல கொண்ணாந்து படுக்க வெக்கட்டுமா?”

தாமோதரத்துக்குச் சொல்லப் பதில் இருந்தது. இவளுக்கு இல்லை. பவுனுதான் முன்னால் வந்தாள்.

“அக்கா, கூர போடாம நாங்க இங்கேருந்து போவ மாட்டோம்.”

“எத்த வெச்சு போடுவ? உன் முந்தானைய வெச்சா?”

“எத்தயாவது வெச்சு.”

அன்று மாலையே கால்வாய்க் கரைக்குப் போனோம். ஏழுமலை நடந்ததைக் கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பிவிட்டு ஒரு வழி சொன்னார்.

“மங்களூர் ஓடுதான் வோணுமா? நாட்டு ஓடு ஆவாதா? அத்திப்பட்டு பக்கம் சூளைக்காரர் ஒருத்தர் ஆளில்லாம அல்லாடிக்கினு கீறாரு. மழைக்கு முந்தி சூள போட்டாகணும்.”

அடுத்த சனிக்கிழமை படகு முகத்துவாரத்தில் நிற்கவில்லை, அத்திப்பட்டுக்குப் போனது. சூளைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு நம்பவில்லை.

“வெள்ளக்காரங்க களிமண்ணு மிதிப்பாங்களாப்பா?”

“மிதிக்கத்தான் நைனா கப்பலேறி வந்துகீறாங்க,” என்றான் கன்னியப்பன்.

பேச்சு இதுதான்: சனி, ஞாயிறு நாங்கள் உழைக்க வேண்டும், கூலிக்குப் பதில் ஓடு. களிமண் மிதித்தோம், காய வைத்த ஓட்டைச் சூளைக்குள் அடுக்கினோம், வெந்ததை இறக்கினோம். வேலை முடிந்ததும் உப்பங்கழியில் விழுந்து குளித்தோம். ஏழுமலை பிடித்து வந்த மீனைச் சூளைச் சூட்டிலேயே சுட்டுத் தின்றோம். ஒருவர் ஊர்ப் பாட்டை இன்னொருவர் கற்றுக்கொண்டார். அந்தப் பிள்ளைகளுக்கு இதைவிடச் செலவில்லாத உல்லாசப் பயணத்தை யாரும் காட்டியிருக்க முடியாது. நாலைந்து வாரம் இப்படியே போனது. ஞாயிறு மாலை திரும்பும் படகில் எங்களோடு ஓடும் வந்தது.

இதற்கிடையில் என் வீட்டில் வேறு கூத்து. என் அப்பா வண்ணாரப்பேட்டையில் வெல்ல மண்டி வைத்திருந்தார். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம்.

“வேல போயிட்டுன்னு சொல்லுத. பொறவு எதுக்குட்டி விடியும் முன்ன கெளம்புத?”

“சம்பளந்தான்ப்பா போச்சு. வேலை இருக்கு.”

மறுநாள் வாசலில் அப்பா ஒரு சிப்பம் வெல்லம் கட்டி வைத்திருந்தார். “பிள்ளைகளுக்குப் பானகம் கரைச்சுக் குடு” என்று மட்டும் சொல்லிவிட்டு மண்டிக்குப் போய்விட்டார்.

சொந்தச் செலவில் வந்தவர்கள் என்பதால் வெளிநாட்டுத் தொண்டர்களைச் சங்கத்தால் வெளியேற்ற முடியவில்லை. தாமோதரம் புதிய ஆர்கனைசர் ஒருவரை அனுப்பிப் பார்த்தார். மார்த்தா அவரை மரியாதையாக உட்காரவைத்து, கையில் மண் சுமக்கும் பாண்டுச் சட்டி ஒன்றைக் கொடுத்தாள். மறுநாள் அவர் வரவில்லை.

5. மழைக்குப் பிறகு

பிள்ளைகள் கப்பல் ஏறும் முன்பே எல்லா வீட்டுக்கும் கூரை ஏறிவிட்டது. சங்கத்திலிருந்து யாரும் திறப்பு விழாவுக்கு வரவில்லை. நாங்களும் விழா வைக்கவில்லை. கடைசி ஓட்டைப் பவுனு வைத்தாள். இறங்கி வந்ததும் மார்த்தா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். இருவருக்கும் பொதுவான பாஷை இருபது சொல்கூட இருக்காது.

ஐப்பசியில் நல்ல மழை பிடித்தது. மனசு கேட்காமல் குப்பத்துக்குப் போனேன். சின்னப்பொண்ணு வீட்டில் ஒரு மூலையில் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே அலுமினியச் சட்டி. பிள்ளைகள் காய்ந்த பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தன.

“இன்னாம்மா ஓடு போட்டீங்க, ஒழுவுது,” என்றாள்.

“மழை விட்டதும் ஏறி மாத்தித் தரேன்.”

“ஏறுவ, ஏறுவ. மொதல்ல உக்காந்து சோறு துன்னு,” என்று தட்டை வைத்தாள்.

அதற்கடுத்த கோடையில் வேறொரு சங்கம் என்னை முகாம் நடத்தக் கூப்பிட்டது. அதன்பின் ஓய்வு பெறும்வரை சங்கம் மாறி மாறி முகாம் நடத்துவதுதான் என் வேலை. எத்தனையோ நாட்டுப் பிள்ளைகளை எத்தனையோ ஊருக்கு அழைத்துப் போயிருக்கிறேன். யாரையும் பாதியில் இறக்கிவிட்டதில்லை. அதற்காக இன்னும் இரண்டு முறை வேலை போனது. அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இது. வேலை நேரத்தில் எல்லோரும் சமம் போலத்தான் தெரியும். சேறு எல்லோர் காலிலும் ஒட்டும். பொழுதுபோக்குக்கு யாரைக் கூப்பிடுகிறார்கள், யாரை விட்டுவிடுகிறார்கள் என்று பாருங்கள். உண்மை அங்கேதான் தெரியும். தெரிந்ததும் சும்மா இருக்காதீர்கள், எதிர்த்து நில்லுங்கள். ஆனால் நீங்கள் எதிர்த்து நிற்பதற்கான விலையைக் கூரையில்லாதவள் தலையில் ஏற்றிவிட்டுப் போகாதீர்கள். அதையும் நீங்களே சுமக்க வேண்டும். சுமக்கலாம், அப்படியொன்றும் முடியாத சுமை இல்லை.