கீழச்சிவல்பட்டியில் கொக்கி மாட்ட விடவில்லை

காலை 7.05-க்குத் திருச்சியிலிருந்து கிளம்பினேன். வண்டியின் மீட்டரைச் சுழியத்தில் வைத்தேன். டீசல் நாற்பது லிட்டர், தண்ணீர்த் தொட்டியில் நூற்றைம்பது லிட்டர், போக வேண்டிய இடம் தனுஷ்கோடி. இருபத்திரண்டு வயதான மினி லாரியின் பின்பகுதியில் படுக்கை, இரட்டை அடுப்பு, தொட்டி, சிறிய ஃபிரிட்ஜ், அதற்கென்று தனி பேட்டரி எல்லாம் வைத்து வீடாக்கியிருக்கிறேன். ஓட்டுவதும் நான், நாட்குறிப்பு எழுதுவதும் நான். எனக்கு வயது ஐம்பத்துமூன்று.

கிளம்புவதற்கு முதல் நாள் இரவு உணவு மேசையில் ஓர் ஒப்பந்தம் ஆனது. கடந்த மூன்று மாதத்தில் வண்டி இரண்டு முறை என்னை நடுவழியில் விட்டிருக்கிறது. முதலில் விராலிமலை, பிறகு மணப்பாறை. இரண்டு முறையும் கட்டி இழுத்துத்தான் வீட்டுக்கு வந்தது. மூன்றாம் முறை இழுத்து வர நேர்ந்தால், வண்டி வீட்டுக்கு வராது. நேராகப் பழைய இரும்பு வாங்குபவரிடம் போகும் என்று என் கணவர் சொன்னார். அதை என் நாட்குறிப்பிலேயே எழுதச் சொன்னார். எழுதினேன். இருவரும் கையெழுத்திட்டோம். எழுதிக் கையெழுத்திட்டதை மாற்றிப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை.

8.40-க்குப் புதுக்கோட்டை. பேருந்து நிலையம் அருகே இரண்டு இட்லி, ஒரு வடை, காபி, அறுபது ரூபாய். 9.35-க்குத் திருமயம் கோட்டையைக் கடந்தேன். அங்கிருந்து திருப்பத்தூர் சாலை. இருபுறமும் செம்மண்ணும் கருவேலமும், நடுநடுவே வெயிலில் தகதகக்கும் ஊருணிகளும். சாலை நன்றாக இருக்கிறது. ஆனால் திருமயம் தாண்டியதிலிருந்து ஆக்ஸிலரேட்டர் மிதி கனத்துக்கொண்டே வந்தது. காலை எடுத்தாலும் அது உடனே மேலே வரவில்லை.

10.20. கீழச்சிவல்பட்டி. மிதியைப் பார்க்கலாம் என்று பிரதான சாலையிலிருந்து ஒரு தெருவுக்குள் திருப்பி, பெரிய வீடு ஒன்றின் மதில் நிழலில் நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அந்த ஒரே வீடுதான். பார்த்துவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினேன். செல்ஃப் மோட்டார் 'டக்' என்றது. மீண்டும் திருப்பினேன். மீண்டும் 'டக்'. மிதி பாதியில் இறுகி நின்றுவிட்டதால் ஆட்களை வைத்துத் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் துணியவில்லை.

10.30-லிருந்து 11.15 வரை நானே பார்த்தேன். பேட்டரி முனைகள் இறுக்கமாக இருந்தன. ஃபியூஸ்கள் பதினான்கும் சரி. ஹாரன் நன்றாக அடித்தது, முன் விளக்கும் பளிச்சென்று எரிந்தது. சாவியைத் திருப்பும்போது மட்டும் அந்த 'டக்'கைத் தவிர எதற்கும் உயிர் இல்லை.

11.20-க்குக் கணவர் கூப்பிட்டார். வண்டி எங்கே நிற்கிறது என்று அவருடைய போனில் தெரியும்.

"ஒரு மணி நேரமா ஒரே இடத்துல நிக்குதே, வசந்தி?"

"பாத்துக்கிட்டு இருக்கேன்."

"நீ ஒண்ணையும் தொடாதே. இழுவை லாரி அனுப்பிட்டேன். மூணு மணிக்கு வந்துடும். நீ பஸ் ஏறி வா."

"லாரி வரட்டும். ஆனா கொக்கி மாட்டினாத்தான் ஒப்பந்தம். அதுவரைக்கும் அது என் வண்டி."

போனை வைத்துவிட்டு நேரத்தைக் கணக்கிட்டேன். மூன்று மணி நாற்பது நிமிடம்.

அந்தப் பெரிய வீட்டின் கதவு திறந்தது. என் வயதுதான் இருக்கும், நல்ல உயரம், கையில் சாவிக்கொத்து. உமையாள் ஆச்சி. வீட்டின் ஒரு பாதியைச் சுற்றுலாப் பயணிகள் தங்குவதற்கு விட்டிருக்கிறார் என்பதை அடுத்த ஐந்து நிமிடத்தில் அவரே சொன்னார்.

"என்ன, வாசல்லயே குடித்தனம் வச்சிட்டீக? நாலு மணிக்கு எனக்கு பஸ் வருது. பதினெட்டு பேரு. அது எங்குட்டு நிக்கும்?"

"மூணு மணிக்குள்ள எடுத்துடுவேன் ஆச்சி."

"எப்படி, தூக்கிக்கிட்டா?" என்று கேட்டுவிட்டுப் பின்கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். அடுப்பு, மடக்கு மேசை, ஜன்னல் திரை. பார்த்ததும் குரல் மாறியது. "நல்லாத்தான் இருக்கு. ஓடாத வண்டிதானே, எனக்குக் குடுத்துருங்க. முத்தத்துல நிறுத்தி காப்பிக் கடை போட்டா வெளிநாட்டுக்காரக போட்டோ எடுப்பாக."

"இது ஓடும்" என்றேன்.

"ம். தெரியுதே" என்றார் ஆச்சி. ஆனால் திருப்பத்தூரிலிருந்து ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டதும் அவர்தான்.

1.10-க்கு சேவுகன் வந்தார். மொபெட், பின்னால் கட்டிய மரப்பெட்டி, நாற்பதைத் தாண்டிய வயது, வாயில் வெற்றிலை. சாவியைத் திருப்பச் சொன்னார். 'டக்'.

"செல்ஃபு மோட்டாரு போச்சுக்கா. கழட்டிருவோம்."

"கழற்ற வேண்டாம்" என்றேன்.

"கழட்டாம எப்படிப் பாக்குறது?"

"மூணு மாசத்துல ரெண்டு தடவை கழட்டிட்டாங்க. ரெண்டு தடவையும் கார்பன் மாத்தினாங்க. பேட்டரி புதுசு. டைனமோ கட்-அவுட் புதுசு. ஆக்ஸிலரேட்டர் கேபிள் இப்ப இருக்கறது மூணாவது. ஒவ்வொருத்தர் கிட்டயும் ஒவ்வொரு பொருளை மாத்திட்டேன். இனிமே காரணம் தெரியாம ஒரு நட்டைக்கூடத் திருப்ப விடமாட்டேன். முதல்ல இதைப் படிங்க."

நாட்குறிப்பை நீட்டினேன். கோளாறுகளுக்கென்று கடைசிப் பக்கங்களில் தனிப் பட்டியல் வைத்திருக்கிறேன். சேவுகன் கையைத் துணியில் துடைத்துவிட்டு வாங்கினார்.

"என்னக்கா, வண்டிக்கு சாதகம் எழுதி வச்சிருக்கீக!"

சிரித்தாலும் படித்தார். பட்டியலில் இருந்தது இதுதான்: ஃபிரிட்ஜின் பேட்டரிக்கு ஓட்டத்தில் சார்ஜ் ஏறுவது குறைவு. இன்ஜின் சூடான பிறகும் சூடு காட்டும் முள் மேலே வருவதில்லை. செல்ஃப் இழுவை குறைகிறது. ஆக்ஸிலரேட்டர் கேபிள் இறுகுகிறது. மாற்றினால் மூன்று வாரம் சரி, மறுபடி இறுகுகிறது.

சேவுகன் கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "அக்கா, நான் கேபிளைத் தொட்டுக்கிட்டு இருக்கேன். நீங்க சாவியத் திருப்பி அப்படியே பத்து எண்ணுங்க" என்றார்.

நான்கு எண்ணுவதற்குள் அலறல் கேட்டது.

"ஆத்தாடி! சுடுதுக்கா! கேபிளு கொதிக்குது!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். கேபிளின் மேலுறையிலிருந்து மெல்லிய புகை. சேவுகன் விரலை உதறிக்கொண்டே சிரித்தார். வலித்தவன் சிரிப்பு அல்ல, கண்டுபிடித்தவன் சிரிப்பு.

"செல்ஃபுக்குப் போற கரண்டு திரும்பி வர ஒரு பாதை வேணும்ல? இன்ஜினுலேருந்து சேசிஸுக்கு, அதான் அடிச்சட்டத்துக்கு, எர்த்துக் கம்பி போகும். அந்தப் பாதை அடைச்சிருக்கு. அதான் கரண்டு இந்த நோஞ்சான் கேபிளு வழியா ஓடுது. கேபிளு உள்ள உருகி இறுகுது. சார்சு ஏறாதது, முள்ளு ஏறாதது, எல்லாம் இந்த ஒண்ணுதான்." பெட்டியிலிருந்து தடித்த ஜம்ப்பர் கேபிளை எடுத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் உடம்பிலும் கவ்வ வைத்தார். "இப்பத் திருப்புங்க. மிதி பாதியில நிக்கிதுல்ல, ஸ்டார்ட்டான ஒடனே அமத்திருங்க."

திருப்பினேன். அரை வினாடி. இன்ஜின் தெருவே அதிரக் கத்தியது. உடனே அணைத்தேன். ஆச்சி மாடி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

சேவுகன் வண்டிக்கு அடியில் போகும் முன் ஒரு கேள்வி கேட்டார்.

"இந்தக் கோளாறு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எஃப்.சி. காட்டுனீகளா?"

எஃப்.சி. என்பது வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று பெறும் சான்று. எங்கள் பக்கத்தில் லாரி வைத்திருப்பவர்கள் அதற்குப் போகுமுன் வண்டி முழுவதும் பெயின்ட் அடிப்பார்கள். நானும் அடித்தேன். பட்டியலைப் பார்த்தேன். முதல் கோளாறு எஃப்.சி. முடிந்த ஒன்பதாம் நாள்.

கீழேயிருந்து குரல் வந்தது. "நெனச்சேன்! எர்த்துக் கம்பியக் கழட்டி அதுக்கு அடியிலயும் பெயின்ட் அடிச்சிருக்காய்ங்க. பெயின்ட்டு வழியா கரண்டு எப்படிப் போகும்? முழு லூசுப் பயலுக. எந்தப் பெயின்டராவது இதைக் கழட்டுவானா? மேலதான அடிப்பாய்ங்க!"

நான் நாட்குறிப்பைப் பின்னோக்கிப் புரட்டினேன். என் கையெழுத்தில், அடிக்கோடிட்டு இருந்தது: 'சேசிஸ் முழுவதும் கறுப்பு, இரண்டு கோட். ஓர் அங்குலமும் விடக்கூடாது என்று சொன்னேன். எர்த் கம்பியைக் கழற்றச் சொல்லி அதன் அடியிலும் அடிக்க வைத்தேன். வேலை திருப்தி.'

மூன்று மாதம், மூன்று கேபிள், ஒரு பேட்டரி, இரண்டு இழுவை. எல்லாம் அந்தத் திருப்தியால் வந்தது.

"பெயின்டர் மேல தப்பில்லை" என்றேன். "கழட்டச் சொன்னது நான்."

அடியில் ஸ்பேனரால் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சுத்தமாத்தான் செஞ்சிருக்கீக" என்றார் சேவுகன். "முதல்ல போல்ட்டு மரை வழியா கொஞ்சம் கரண்டு போயிருக்கும். அங்கயும் துருப்பிடிச்சதும் அடைச்சிருச்சு. இருங்க, உப்புத்தாளு போடுறேன்."

2.25. போல்ட் துருவில் இறுகிக் கிடந்தது. டீசல் ஊற்றி ஊறவைத்தார். அதற்குள் ஆக்ஸிலரேட்டர் கேபிளை மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். மூன்றாவதை வாங்கும்போதே நான்காவதையும் வாங்கி வைத்திருந்தேன். அதை யாரும் மாட்டித் தரவில்லை. இரண்டு முறை பிறர் மாட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தேன்; இருபத்தைந்து நிமிடத்தில் நானே மாட்டினேன்.

2.50-க்கே இழுவை லாரி வந்துவிட்டது. டிரைவர் இறங்கி, என்னைப் பார்க்காமலே கொக்கியோடு முன்பக்கம் போனார்.

"கொக்கியை வைங்க" என்றேன்.

"சார் சொல்லித்தாம்மா வந்தேன். நேரா பழைய இரும்பு குடோன்ல விட்டுடச் சொன்னாரு."

"சார் திருச்சியில இருக்கார். வண்டி இங்க இருக்கு. வண்டிக்கு அடியில ஒரு ஆள் இருக்கார். அவர் வெளியே வராம எதுவும் நகராது."

"எனக்கு அடுத்த டூட்டி இருக்கும்மா. ஓடற வண்டின்னா என்னை எதுக்குக் கூப்பிடறாங்க?"

முன்பம்பரின் மேல் போய் உட்கார்ந்தேன், கொக்கி மாட்டும் வளையத்தை மறைத்தபடி. ஆச்சி வாசல்படியில் வந்து நின்றார். எனக்கு ஆதரவாகப் பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை, பேசவும் இல்லை. டிரைவரைப் பார்த்து, "இங்குட்டு வந்து மோர் குடிங்க தம்பி. அந்தம்மா எந்திரிக்காது" என்றார். டிரைவர் போனார்.

3.20. போல்ட் இளகியது. சேவுகன் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு ரூபாய் நாணய அகலத்துக்குப் பெயின்டைச் சுரண்டி, இரும்பு வெள்ளியாக மின்னும்வரை தேய்த்திருந்தார். கம்பியை மாட்டி இறுக்கி, மேலே கிரீஸ் பூசினார்.

3.35. இருக்கையில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். அரைச் சுற்று. பிடித்துக்கொண்டது. மிதி காலுக்குப் பஞ்சாக இறங்கி, எடுத்ததும் மேலே வந்தது. மூன்று மாதத்தில் முதல் முறையாகச் சூடு காட்டும் முள் மெல்ல எழுந்து நடுவில் நின்றது.

டிரைவர் மோர்ச் செம்போடு வெளியே வந்தார். அவருடைய பேச்சில் எரிச்சல் இல்லை, வியப்புத்தான். "அப்ப நான் சாருக்கு என்னம்மா சொல்றது?"

"கொக்கி மாட்டலைன்னு சொல்லுங்க" என்று சொல்லி, வந்து திரும்பும் செலவுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு கொடுத்தேன். சேவுகன் அறுநூறு கேட்டார். எழுநூறு கொடுத்தேன். சுட்ட விரலுக்கு அந்த நூறு.

ஆச்சி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மூணுன்னீக. நாப்பது நிமிசம் கூட."

"குறிச்சுக்கறேன் ஆச்சி."

3.45-க்குத் தெருவை விட்டு வெளியேறினேன். சாலை முனையில் ஆச்சியின் சுற்றுலாப் பேருந்து எதிரே திரும்பிக்கொண்டிருந்தது. திருப்பத்தூர் வழியாக 4.50-க்குக் குன்றக்குடி. மலை தெரியும் ஒரு தோப்பின் ஓரம், காவலரிடம் அனுமதி கேட்டு நிறுத்தினேன். இறங்கி ஆக்ஸிலரேட்டர் கேபிளைத் தொட்டேன். சூடில்லை. உள்ளே ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் வாங்கிய பால் திரியவில்லை.

கணவர் கூப்பிட்டார். "ஓடுதாமே?"

"குன்றக்குடியில இருக்கேன்."

"நின்னுச்சு இல்ல?"

"நின்னுச்சு. நானே எடுத்தேன். கையெழுத்துப் போட்ட பக்கத்தை எடுத்துப் படிக்கவா?"

அவர் படிக்கச் சொல்லவில்லை. ராமேஸ்வரத்தில் மழை என்கிறார்கள், பார்த்துப் போ என்றார்.

காபி போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். வீட்டில் எங்கள் சுவர்களில் ஒரு கீறல் விழுந்தாலும் அன்றே பூசிவிடுவேன். வண்டியின் அடியில் ஒரு ரூபாய் அளவுக்கு இரும்பு இப்போது வெறுமையாக, கிரீஸ் மட்டும் பூசி இருக்கிறது. அடுத்த எஃப்.சி.க்கு வண்டியை மறுபடி முழுவதும் கறுப்பாக்குவேன், அந்த ஓரிடத்தைத் தவிர. அங்கே ஏன் பெயின்ட் இல்லை என்று ஆய்வாளர் கேட்பார். கேட்கட்டும். நாட்குறிப்பைக் கொண்டுபோகிறேன்.

நாளை காலை 6.30-க்குக் கிளம்புகிறேன். தெற்கே.